முன்கதவைத் தட்டிய நாள்

காடில் என்கிற அந்த மலைப்பள்ளத்தில் எந்த வீட்டுக்கும் இரண்டு கதவு உண்டு. சமையலறைக் கதவு மனிதர்களுக்கு. முன்கதவு பாதிரியாருக்கு, ஷெரிஃப் ஆபீஸ் ஆட்களுக்கு, சவப்பெட்டிக்கு. முன்கதவை யாராவது தட்டினால் வீட்டில் இருப்பவர்கள் முதலில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள், பிறகுதான் எழுந்திருப்பார்கள். புதிதாக வந்த தபால்காரன் ஒருவன் விவரம் தெரியாமல் முன்கதவைத் தட்டியதையும், உள்ளேயிருந்து ஒரு கிழவர் துப்பாக்கியோடு வந்து நின்றதையும் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

வெல்டா ரட்லிஃப் வீட்டு முன்கதவு கடைசியாகத் திறந்தது நாலு வருஷத்துக்கு முன்னால், ஒரு அக்டோபரில். அவள் புருஷன் ஹார்மன் சவப்பெட்டியில் அந்த வழியாகத்தான் போனான். மர மில்லில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவன். காலில் ஒரு சிராய்ப்பு. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விஷம் ரத்தத்தில் ஏறி, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் கிடந்து செத்தான். மில்காரர்கள் வெள்ளைத் துணிப்பூவில் ஒரு வளையம் வாங்கி வந்து முன்கதவில் மாட்டினார்கள். துக்க வளையத்தை வீட்டுக்காரர்கள் கையால் கழற்றக் கூடாது, தானாக உதிர வேண்டும் என்பது அங்கே வழக்கம். நிஜப் பூ மாட்டிய காலத்து வழக்கம் அது. துணிப்பூ எங்கே உதிரும்? வெயிலும் தூசியும் பட்டு டீ நிறத்துக்கு வந்து அங்கேயே தொங்கியது.

ஹார்மனைப் புதைத்து மூன்று வாரம் ஆகியிருந்த ஒரு நாள் நல்ல மழை. தகரக் கூரை போட்ட சத்தத்தில் ரேடியோகூடக் கேட்கவில்லை. வெல்டா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை முடிந்து வந்து, சோளரொட்டிக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். மணி நாலு இருக்கும். முன்கதவில் தட்டு விழுந்தது. இரண்டு. கொஞ்சம் விட்டு இன்னொன்று.

மூன்று தட்டு என்றால் என்ன என்று அந்த மலையில் பிறந்தவர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. செத்தவர்கள் மூன்றுதான் தட்டுவார்கள். திறந்தால் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று வெல்டாவின் அம்மா சொல்லிச் சொல்லி வளர்த்திருந்தாள். வெல்டா மாவுக் கையோடு அடுப்போரம் நின்றாள். யாரென்று குரல் கொடுக்கவில்லை. வெகுநேரம் கழித்து முன்னறை ஜன்னலில் எட்டிப் பார்த்தபோது தாழ்வாரத்தில் ஈரக் கால்தடம் மட்டும் இருந்தது.

அன்றிலிருந்து அவளுக்கு நிம்மதி போயிற்று. இருபத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவன் குளிரில், மழையில் வந்து நின்று தட்டினான். நாம் உயிருக்குப் பயந்து திறக்கவில்லை. மழை பெய்கிற மதியங்களில் நாலு மணி ஆனால் ரேடியோவை அணைத்துவிட்டு முன்னறையில் போய் உட்கார்ந்துகொள்வாள். இந்தத் தடவை தட்டினால் திறந்துவிடுவது என்றுதான். தட்டு வரவில்லை. கூரையும் மழையும் மட்டும் பேசிக்கொண்டிருக்கும். அவள் இருட்டும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போவாள்.

இப்படி இருக்கையில் இந்த ஏப்ரலில், அவள் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் இறந்துபோனார். ஒஹாயோவில் இருக்கும் அவர் மகன் வெல்டாவைப் போனில் கூப்பிட்டான். முப்பத்தெட்டாயிரம் டாலர். மே கடைசிக்குள் அவள் வாங்கிக்கொண்டால் அவளுக்கு. இல்லையென்றால் வேட்டைக்கு வரும் நகரத்துக்காரன் ஒருவன் காத்திருக்கிறான், இடித்துவிட்டுக் குடில் கட்டப் போகிறான். வெல்டா ஒரு நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு பாங்க்குக்குப் போனாள். முன்பணத்துக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் சேர்த்து வைத்திருந்தாள். மாதாமாதம் வாடகை கட்டுகிறவள்தானே, அதையே தவணையாகக் கட்டிவிட்டுப் போகிறாள்.

பாங்க்கில் இருந்த பெண் நல்ல பெண். கணினியைப் பார்த்தவள் முகம் மாறியது.

"மிஸ் வெல்டா, உங்க பேர்ல கோர்ட்டுத் தீர்ப்பு ஒண்ணு நிக்குதே. ஆஸ்பத்திரி போட்ட கேஸு. ஆறாயிரத்து எண்ணூத்தி நாப்பது. வட்டியோட இப்ப ஒம்பதாயிரத்தத் தாண்டிருச்சு."

"கேஸா? என் மேலயா? என்னை யாரும் கோர்ட்டுக்குக் கூப்பிடவே இல்லையேம்மா."

"கூப்பிட்டு நீங்க வரலைன்னுதான் தீர்ப்பு ஆகியிருக்கு. அது தீர்ந்துச்சுன்னு கோர்ட்டு ரெஜிஸ்டர்ல ஏறாம நாங்க கடன் குடுக்க முடியாது. நீங்க வீட்ட வாங்குன அன்னிக்கே அது வீட்டு மேல போய் உக்காந்துரும்."

ஆஸ்பத்திரி உறைகள் எத்தனையோ வந்தன. ஜன்னல் வைத்த உறைகள். அவள் ஒன்றையும் பிரிக்கவில்லை. ஹார்மனின் மீன்பிடிச் சாமான் பெட்டியில் தூண்டில் முள்ளுக்கு மேலே போட்டு மூடி வைத்தாள். பதினொரு நாளுக்குப் பதினொரு விதமாகக் கணக்கு எழுதி அனுப்புகிறார்களே, அதைப் படிக்க யாருக்கு மனசு வரும்? ஆஸ்பத்திரியில் முதல் நாள் ஒரு அட்டையில் செருகிய தாளை நீட்டி இங்கே கையெழுத்து என்றார்கள், போட்டாள். அதுதான் அவள் செய்தது.

ஞாயிற்றுக்கிழமை மகள் ட்ரீவா கிங்ஸ்போர்ட்டிலிருந்து வந்தாள். டாக்வுட் மரம் பூத்ததும் நாலு நாள் வந்து போகும் குளிர் அப்போது வந்திருந்தது. வெல்டா பீன்ஸை வேகவைத்து, காட்டுப் பூண்டை உருளைக்கிழங்கோடு வதக்கி வைத்திருந்தாள். வீடு முழுக்கப் பூண்டு நாறியது.

"அவங்க வக்கீல் ஆபீசுக்கு நான் போன் பண்ணினேன்மா," என்றாள் ட்ரீவா. "ஒரே தடவைல அஞ்சாயிரம் குடுத்தா தீந்துச்சுன்னு எழுதிக் குடுக்குறாங்களாம்."

"அஞ்சாயிரம்! நான் பள்ளிக்கூடத்துல ரொட்டி சுடுறனா, பவுன் சுடுறனா?"

"அதான் சொல்றேன். விட்டுத் தொலை. என் வீட்டுல ஒரு ரூம் சும்மாதான் கெடக்கு. இந்தப் பள்ளத்துல உனக்கு என்ன இருக்கு? பாலம் உடைஞ்சு அஞ்சு வருஷமாச்சு, காரைக் கீழயே நிறுத்திட்டு நடந்து வர வேண்டியிருக்கு."

"நான் வர முடியாதுடி."

"ஏன் முடியாது? அதச் சொல்லு."

வெல்டா ரொட்டியைப் பிட்டுப் பீன்ஸ் சாற்றில் போட்டாள். நாலு வருஷமாக யாரிடமும் சொல்லாததை, தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். மழை, நாலு மணி, மூன்று தட்டு.

ட்ரீவா கரண்டியை வைத்துவிட்டாள். "அம்மா. எந்த நாய் வாலை ஆட்டிக் கதவுல அடிச்சுதோ."

"நாய்க்கு எண்ணத் தெரியுமா? மூணுடி. உங்கப்பா ஒரு தடவை வந்தாரு, நான் திறக்கலை. இப்ப வீட்டையும் விட்டுட்டுப் போனா, அடுத்த தடவை அவர் வந்து யார் கதவைத் தட்டுவாரு? அந்த வேட்டைக்காரன் கதவையா?"

மகளுக்குக் கோபம் வந்தது, பிறகு அழுகை வந்தது. இரண்டையும் மறைக்கப் பாத்திரம் கழுவப் போனாள்.

திங்கட்கிழமை வெல்டா முந்நூற்று நாற்பது பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டு, அடுப்பைத் துடைத்துவிட்டுக் கோர்ட்டுக்குப் போனாள். ரெஜிஸ்டர் பார்க்கும் வனெட்டா அவளோடு ஒரே சர்ச்சில் பாடுகிறவள். பாட்டில் சுருதி சேராது என்று வெல்டா பத்து வருஷமாகக் கேலி பேசுவாள்.

"வாடி வெல்டா. யாரக் கொன்ன?"

"என்னையத்தான் கொன்னிருக்காங்க. பாரு."

வனெட்டா கேஸ் கட்டை எடுத்து வந்து கண்ணாடியை மாட்டினாள். "சம்மன் உனக்குச் சேந்துட்டதா எழுதியிருக்கே. நேர்ல குடுக்கலை. 'வீட்டில் ஆள் இல்லை, முன்கதவில் ஒட்டப்பட்டது'ன்னு எழுதியிருக்கு. நவம்பர் ஒம்பது. சாயந்தரம் நாலு பத்து."

வெல்டா அந்தத் தேதியைத் தானும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். ஹார்மன் போனது அக்டோபர் பதினேழு, புதைத்தது பத்தொன்பது. அவள் விரல் விட்டு எண்ணினாள். மூன்று வாரம், சரியாக.

"யாரு கொண்டாந்தது?"

"கையெழுத்து கோல்பி வான்ஸ். ஏன்டி இப்படி வெளுத்துப் போயிட்ட? உக்காரு. தண்ணி வேணுமா?"

தண்ணீர் குடித்தாள். வனெட்டா குரலைத் தாழ்த்திக்கொண்டு, செவ்வாய்க்கிழமை நூலகத்தில் இலவச வக்கீலம்மா உட்கார்வாள், போய்ப் பார் என்றாள். "முன்கதவு உங்க வீட்டுல யாருக்கு? அந்தக் கோல்பிக்குத் தெரியாதா? சட்டத்துல வீட்டு ஆளுங்க புழங்குற வாசல்ல ஒட்டணும்னு இருக்குடி."

கோல்பி வான்ஸை எல்லாருக்கும் தெரியும். முப்பத்து நாலு வயசு, ஷெரிஃப் ஆபீசில் பன்னிரண்டு வருஷம். சின்ன வயசில் அவன் அப்பன் குடித்துத் தொலைத்த நாட்களில், மதியச் சாப்பாட்டுக்குக் காசில்லாமல் வரிசையின் கடைசியில் நிற்பான். வெல்டா தட்டை நிரப்பி, கல்லாவில் இருப்பவளைப் பார்த்துத் தலையை ஆட்டிவிடுவாள். அதை அவளும் சொல்லிக்காட்டியதில்லை, அவனும் மறந்ததில்லை.

வெல்டா ஆள் விட்டுச் சொல்லி அனுப்ப, புதன்கிழமை வந்தான். சீருடைத் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறைப் படியில் நின்றான்.

"வரச் சொன்னீங்களாம், மிஸ் வெல்டா."

"வா. முன்பக்கம் வா."

இருவரும் வீட்டைச் சுற்றிக்கொண்டு போனார்கள். தாழ்வாரத்துப் பலகை அவன் பூட்ஸுக்கு முனகியது. வளையத்தைப் பார்த்ததும் அவன் நின்றுவிட்டான்.

"இன்னுமா இது தொங்குது?"

"நவம்பர் ஒம்பதாம் தேதி நீ இங்க வந்தியா?"

அவன் தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினான். "வந்தேன்."

"சமையலறைப் பக்கம் வராம இங்க ஏன்டா வந்த? நான் எந்தப் பக்கம் இருப்பேன்னு தெரியாதா உனக்கு?"

"தெரியும். அந்தப் பக்கம் வந்தா என்ன பண்ணுவீங்க? உள்ள வாடா, நனைஞ்சிட்டியேன்னு சொல்லி அடுப்புல இருந்து ஒரு பிஸ்கட் ரொட்டி எடுத்துக் குடுப்பீங்க. அத வாங்கித் தின்னுட்டு எப்படி மிஸ் வெல்டா இந்தத் தாள நீட்டுறது? ஹார்மனப் புதைச்சு மண்ணுகூடக் காயலை. அதான் இங்க வந்தேன். நீங்க திறக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டே தட்டினேன்."

"தாளு எங்க?"

அவன் வாசலைப் பார்த்தான், சாலையைப் பார்த்தான். "கீழ போறவங்க கண்ணுல பட்டா உங்களுக்கு அசிங்கம்னு..." என்று இழுத்தான். பிறகு கையை நீட்டி வளையத்தின் ஒரு ஓரத்தைத் தூக்கினான்.

தாள் அங்கேதான் இருந்தது. நாலாக மடித்தது, மஞ்சளாகி, குளவி ஒன்று அதன் மேல் மண்கூடு கட்டிக் காலி செய்துவிட்டுப் போயிருந்தது. நடுவில் துருப்பிடித்த ஒரு சின்ன ஆணி. வெல்டாவின் பெயர் பாதி தெரிந்தது.

அவள் தாளைத் தொடவில்லை. "எத்தனை தடவ தட்டின?"

"என்ன?"

"எத்தனை தடவடா தட்டின?"

"ரெண்டு. நாங்க எப்பவும் ரெண்டுதான் தட்டுவோம்."

"மூணு. எனக்கு மூணு கேட்டுச்சு."

"இல்ல மிஸ் வெல்டா, ரெண்டு..." அவன் யோசித்தான். கை தன்னாலே இடுப்பில் தொங்கிய டார்ச்சுக்குப் போனது. "ஆணி. மரம் நனைஞ்சிருந்துச்சு, ஆணி கையால இறங்கலை. டார்ச்சுக் கட்டையால ஒரு அடி அடிச்சேன்."

வெல்டா தாழ்வாரப் படியில் உட்கார்ந்தாள். முதலில் சிரிப்பு வந்தது. கோல்பி பயந்துபோய்ப் பார்த்தான். அப்புறம் சிரிப்பு வேறாக மாறியது.

"நாலு வருஷம்டா," என்றாள். "நாலு வருஷமா உனக்காகவாடா நான் அழுதேன்?"

அவள் சொன்னாள், அவன் கேட்டான். கேட்டு முடித்தபோது அவனும் படியில் உட்கார்ந்திருந்தான், தொப்பி கீழே கிடந்தது. அவளுக்குள் இரண்டு விஷயம் ஒன்றாக நடந்தது. ஹார்மனை வெளியே நிறுத்தவில்லை, அவனைக் குளிரில் திருப்பி அனுப்பவில்லை என்ற ஆறுதல் ஒன்று. ஹார்மன் வரவே இல்லை, ஒரு தடவைகூட வரவில்லை என்பது இன்னொன்று. ஆஸ்பத்திரிக்காரர்கள் கடனுக்காகச் சம்பளத்தை எடுத்திருந்தால்கூட அவள் இப்படி நொறுங்கியிருக்க மாட்டாள். அந்த மூன்று தட்டையும் அல்லவா எடுத்துக்கொண்டார்கள்.

"நான் ஜட்ஜுகிட்ட சொல்றேன்," என்றான் கோல்பி. "யாருக்கும் தெரியாத எடத்துல வெச்சேன்னு எழுதிக் குடுக்கறேன்."

"உன் வேலை?"

"வேலை கெடக்கு. எத்தனை தட்டு சோறு போட்டிருப்பீங்க."

தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லி நூலகத்து வக்கீலம்மா மனுப் போட்டாள்; மே மாதம் பத்தொன்பதாம் தேதி விசாரணை. முந்தின நாள் ட்ரீவா போனில் கெஞ்சினாள். "தட்டுனது கேட்டுச்சான்னு கேப்பாங்கம்மா. கேக்கலைன்னு சொல்லிடு. மழை, தகரக் கூரை, யாருக்கு என்ன தெரியும்? கேட்டுச்சுன்னு சொன்னா, வேணும்னே திறக்கலைன்னு திருப்பிருவாங்க. வீடு போயிரும்." வெல்டா, நாளைக்குக் காலையில் சீக்கிரம் வந்துவிடு என்று மட்டும் சொன்னாள்.

கோர்ட்டில் கோல்பி, வாக்குக் கொடுத்தபடியே நடந்ததைச் சொன்னான். வக்கீலம்மா, குளவிக்கூட்டோடு பிளாஸ்டிக் உறையில் போட்ட தாளை நீதிபதியிடம் கொடுத்தாள். நீதிபதி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆஸ்பத்திரி வக்கீல் நகரத்துக்காரர், மரியாதையானவர், எழுந்து வெல்டாவிடம் வந்தார்.

"அன்னிக்கு நாலு மணிக்கு நீங்க வீட்டுலதான் இருந்தீங்க?"

"இருந்தேன்."

"கதவு தட்டுற சத்தம் கேட்டுச்சா?"

வெல்டா மகளைப் பார்த்தாள். ட்ரீவா மெல்லத் தலையை அசைத்தாள். கேட்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் வீடு அவளுக்கு. ஆனால் அந்தச் சத்தத்தைக் கேட்காத மாதிரி அவள் ஒரு தடவை இருந்தாயிற்று. யார் தட்டியிருந்தால் என்ன, இன்னொரு தடவை அப்படி இருக்க அவளால் முடியாது.

"கேட்டுச்சு. மூணு."

ட்ரீவா கண்ணை மூடிக்கொண்டாள்.

"கேட்டும் ஏன் திறக்கலை?"

"என் புருஷன் தட்டுறாருன்னு நெனச்சேன்."

வக்கீல் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். குழம்பிப்போனது அவர் குரலிலேயே தெரிந்தது. "உங்க கணவர் இறந்து அப்ப மூணு வாரம் ஆயிருந்துச்சே?"

"ஆமா. அதனாலதான் திறக்கலை."

யாரும் சிரிக்கவில்லை. வனெட்டா எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நகரத்து வக்கீல் இன்னொரு கேள்வி கேட்க வாயெடுத்தார்; பிறகு தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தார். நீதிபதியும் பள்ளத்தாக்கில் பிறந்தவர்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"எங்கம்மாவும் திறந்திருக்க மாட்டாங்க," என்றார். "துக்க வளையத்துக்குப் பின்னால வெச்ச தாள், தாளே இல்லை. அந்தத் தீர்ப்பு செல்லாது."

அவ்வளவுதான். திரும்ப வழக்குப் போடும் காலமும் கடந்துபோயிற்று என்று வக்கீலம்மா வாசலில் விளக்கினாள். வனெட்டா ரெஜிஸ்டரில் தன் கையாலேயே எழுதி முத்திரை குத்தி, பிரதியை நீட்டினாள். பாங்க்குப் பெண் அதை வாங்கிப் படித்துவிட்டு வெல்டாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். இருபத்தெட்டாம் தேதி, முப்பது வருஷத் தவணைக்கு வெல்டா கையெழுத்துப் போட்டாள். கடைசித் தவணை கட்டும்போது தனக்கு எண்பத்தெட்டு வயசு ஆகும் என்றாள். அந்தப் பெண் சிரித்தாள்.

கோல்பியைப் பத்து நாள் சம்பளமில்லாமல் வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். சும்மா இருக்கப் பிடிக்காமல் இழைப்புளியைத் தூக்கிக்கொண்டு வந்து, ஊதிப்போய் அசைய மறுத்த முன்கதவைக் கழற்றி அடியைச் சீவி மறுபடி மாட்டினான். வளையத்தை அவன்தான் எடுத்தான். வீட்டுக்காரர்கள் எடுக்கக் கூடாது அல்லவா. அது இருந்த இடத்தில் வட்டமாக, பெயின்ட் அடித்த புதிதில் இருந்த பச்சை அப்படியே இருந்தது. வெல்டா அவனுக்குச் சமையலறையில் சூடான பிஸ்கட் ரொட்டியும் குழம்பும் வைத்தாள். வேண்டாம் என்று சொல்லாமல் ஆறு தின்றான்.

அவன் போனதும் மழை பிடித்துக்கொண்டது. ஸ்வெட்டர் வேண்டியிருந்த அளவுக்குக் குளிர். பிளாக்பெரி பூக்கும்போது வருகிற கடைசிக் குளிர் அது. வெல்டா கடிகாரத்தைப் பார்த்தாள். நாலாகப் பத்து நிமிஷம் இருந்தது. ரேடியோவை அணைக்கப் போன கையை எடுத்துக்கொண்டாள். இனி எதற்கு அணைப்பது? வீடு அவளுடையது. அதில் யாரும் வரப் போவதில்லை. முப்பது வருஷத்துக்கு வாங்கியிருக்கிறாள்.

கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு ரேடியோவை அணைத்துவிட்டு, சமையலறைக் கதவைத் திறந்து மழையில் இறங்கி, வீட்டைச் சுற்றிக்கொண்டு போனாள். தாழ்வாரத்தில் ஏறி, வந்தவன் நிற்கும் இடத்தில் நின்றாள். தலைமயிரிலிருந்து தண்ணீர் கழுத்துக்குள் இறங்கியது. பச்சை வட்டத்தில் விரல் மடக்கித் தட்டினாள். இரண்டு. கொஞ்சம் விட்டு இன்னொன்று. உள்ளே அது எப்படிக் கேட்கும் என்று அவளுக்குத் தெரியும்.

வந்த வழியே ஓடினாள், ஐம்பத்தெட்டு வயசுக்கு எவ்வளவு ஓட முடியுமோ அவ்வளவு. சமையலறைக்குள் நுழைந்து, அடுப்போரம் நிற்காமல், முன்னறையைக் கடந்து, ஈரக் கையால் தாழ்ப்பாளை இழுத்தாள். கோல்பி நன்றாகத்தான் சீவியிருந்தான். ஒரே இழுப்பில் கதவு திறந்துகொண்டது.

தாழ்வாரத்தில் அவளுடைய ஈரக் கால்தடம் மட்டும் இருந்தது.

"உள்ள வா ஹார்மன்," என்றாள். "குளிருது பாரு."

கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு, ஒரு ஆள் நுழையும் அளவுக்கு ஒதுங்கி நின்றாள்.